டி5600க்கு வைட் பிரைம்: 24ஆ, 20ஆ, 14ஆ?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாக முதலில் எழுதிவிடுகிறேன். நிகான் டி5600 வைத்திருக்கிறீர்கள். கூடவே வந்த 18-55 ஜூமும், பிறகு வாங்கிய 35 மி.மீ. எஃப்/1.8 டிஎக்ஸ் பிரைமும் (ஜூம் ஆகாத, ஒரே குவியத்தூர லென்ஸ்) கையில் உண்டு. அடுத்த மாதம் அக்காவுக்கு வீட்டிலேயே வளைகாப்பு. ஹால் 14 அடிக்கு 10 அடி. 35 போட்டால் அக்காவும் பக்கத்தில் ஒருவரும் அடங்குகிறார்கள், அவ்வளவுதான். 18-55 போட்டால் எல்லாரும் அடங்குகிறார்கள், ஆனால் டியூப்லைட் வெளிச்சத்தில் கைகள் கலங்கிப்போகின்றன. கோயில், தெரு என்று வெளியிலும் எடுப்பீர்கள். 24, 20, 14 மூன்றில் எந்த வைட் பிரைம் வாங்குவது? டிஎக்ஸ் என்று போட்ட லென்ஸ் என்றால் 1.5ஆல் பெருக்க வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னாரே, அது சரியா?

கடைசிக் கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம். அதில் வழுக்கினால் மீதிக் கணக்கெல்லாம் வழுக்கும்.

கடைக்காரர் சொன்னது தவறு. லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. என்பது அதன் குவியத்தூரம். அது கண்ணாடியின் குணம். பின்னால் எந்த சென்சார் உட்கார்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. டிஎக்ஸ் என்ற முத்திரை சொல்வது ஒன்றுதான்: இந்த லென்ஸ் விழவைக்கும் ஒளிவட்டம் உங்கள் சிறிய சென்சாரை மூடும் அளவுக்குப் போதும். உங்கள் சென்சாரின் மூலைவிட்டம் சுமார் 28 மி.மீ., முழு ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாருடையது சுமார் 43 மி.மீ. அந்த 1.5 வருவது இந்த விகிதத்திலிருந்துதான். பெரிய வட்டம் தரும் லென்ஸை மாட்டினாலும் உங்கள் கேமரா அதன் நடுப்பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே 35 மி.மீ. டிஎக்ஸ் லென்ஸும், 35 மி.மீ. முழு ஃப்ரேம் லென்ஸும் டி5600இல் ஒரே அகலத்தைத்தான் காட்டும். சந்தேகம் இருந்தால் 18-55ஐ 35இல் வைத்து ஒரு படம், பிரைமில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டும் டிஎக்ஸ் லென்ஸ்தான். இரண்டுமே முழு ஃப்ரேம் கேமராவில் 52 மி.மீ. காட்டும் அகலத்தைத்தான் காட்டும். ஒப்பிடுவதென்றால் எல்லா லென்ஸுக்கும் 1.5ஆல் பெருக்குங்கள். ஒப்பிடத் தேவையில்லை என்றால் எதற்கும் பெருக்காதீர்கள்.

உண்மையில், பெருக்காமலே முடிவெடுப்பதுதான் உங்களுக்கு நல்லது. முழு ஃப்ரேமில் படம் எடுத்தே இராத ஒருவருக்கு "இது 30க்குச் சமம்" என்று சொல்வதால் என்ன விளங்கும்? நான் அடிக்கணக்கில்தான் லென்ஸ் பார்ப்பேன். உங்கள் சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. குவியத்தூரமும் கிட்டத்தட்ட அவ்வளவே என்றால், எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ அத்தனை அடி அகலம் படத்தில் விழும். அதாவது 24 மி.மீ. லென்ஸோடு ஏழடி தள்ளி நின்றால் ஏழடி அகலம். 12 மி.மீ. என்றால் அதில் இரண்டு மடங்கு. 16 என்றால் ஒன்றரை மடங்கு. 35 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. இந்த ஒரு கணக்கு மனதில் நின்றுவிட்டால், லென்ஸ் பட்டியலைப் பார்க்கும்போதே அந்த அறை கண்முன் வந்துவிடும்.

இப்போது உங்கள் ஹாலுக்கு வருவோம். 14 அடி நீளம். ஒரு பக்கச் சுவரை ஒட்டி நாற்காலி, அதற்குப் பின்னால் அலங்காரத் துணி, நாற்காலிக்கு முன்னால் சீர்த்தட்டுகள், இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்கள். இதெல்லாம் போக உங்களுக்கு மிஞ்சுவது அக்காவின் முகத்திலிருந்து ஏழு, மிஞ்சினால் எட்டு அடி. ஏழடியில் 35 மி.மீ. காட்டுவது நாலரை அடிக்குச் சற்று மேல். நீங்கள் பட்ட கஷ்டம் அதுதான். 24 மி.மீ. ஏழடி அகலம் காட்டும்; அக்காவும் இரண்டு பக்கமும் வளையல் போடுகிறவர்களும் அடங்குவார்கள். ஆனால் உயரத்தையும் பாருங்கள். சென்சாரின் உயரம் 15.6 மி.மீ.தான். ஏழடியில் 24 மி.மீ. காட்டும் உயரம் நாலரை அடி. அக்கா உட்கார்ந்திருக்கிறார், வளையல் போடுகிற அத்தை நின்றுகொண்டிருக்கிறார். அத்தையின் தலையை உள்ளே கொண்டுவந்தால் அக்காவின் மடியில் இருக்கும் கைகள் கீழ் விளிம்புக்கு வந்துவிடும், முன்னால் இருக்கும் தட்டுகள் போயே போய்விடும். 20 மி.மீ. அதே ஏழடியில் எட்டடிக்குச் சற்று மேல் அகலமும், ஐந்தரை அடி உயரமும் காட்டும். அந்த ஓரடி உயரம்தான் வளைகாப்புப் படத்தில் கூட்டத்தையும் சடங்கையும் சேர்த்துக் கொடுக்கும்.

24க்கும் 20க்கும் நாலு மில்லிமீட்டர்தானே வித்தியாசம் என்று தோன்றும். 50க்கும் 54க்கும் இடையில் அது ஒன்றுமில்லை; 24க்கும் 20க்கும் இடையில் அது ஐந்தில் ஒரு பங்கு. குவியத்தூரம் குறையக் குறைய ஒவ்வொரு மில்லிமீட்டரும் எடை கூடும். இன்னொன்று: 20இல் எடுத்த படத்தை 24 அளவுக்குப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். 24 மெகாபிக்ஸலில் வெட்டினபின் 16க்கு மேல் மிஞ்சும். ஆல்பத்துக்கு அது தாராளம். 24இல் எடுத்ததை 20 ஆக்க வழியே கிடையாது.

நான் சொல்வதை நம்பி உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள். உங்களிடம் இருக்கும் 18-55ஏ நல்ல அளவுகோல். நாளை காலை ஹாலில் நாற்காலியைப் போட்டு, அம்மாவை உட்காரவைத்து, ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, ஜூம் வளையத்தை 24இல் வைத்து டேப் ஒட்டி நகராதபடி செய்துவிடுங்கள். பத்துப் படம் எடுங்கள். பிறகு 20. வளையத்தில் 20 என்று குறி இருக்காது, 18க்கும் 24க்கும் நடுவில் தேடி, எடுத்த படத்தின் விவரத்தைத் திரையில் பார்த்தால் மி.மீ. எவ்வளவு என்று காட்டும். கடைசியாக 18. டேப் ஒட்டுவது முக்கியம். ஒட்டாவிட்டால் கை தானாகத் திருகிவிடும், பிரைமோடு எப்படி நகர வேண்டியிருக்கும் என்பது தெரியாமலே போகும். ஏற்கெனவே எடுத்த விசேஷப் படங்களையும் கணினியில் திறந்து எந்த மி.மீ.இல் அதிகம் நின்றிருக்கிறீர்கள் என்று பாருங்கள். எல்லாம் 18இலேயே முட்டிக்கொண்டு நின்றிருந்தால் 20கூட உங்களுக்கு இறுக்கம்தான், விடை வேறு பக்கம் போகும். 20லிருந்து 28 வரை சிதறிக் கிடந்தால் 20 சரி.

அகலம் அதே என்றால், 18-55ஐ விட்டுவிட்டு 20 பிரைம் எதற்கு? வெளிச்சத்துக்கு. உங்கள் ஜூம் அந்த இடத்தில் திறக்கக்கூடிய அதிகபட்சம் எஃப்/3.5 சொச்சம் (எஃப் எண் குறையக் குறைய திறப்பு பெரிது). பிரைம் எஃப்/1.8 திறக்கும். வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) 3200இல் ஜூமுக்கு 1/30 நொடி தேவைப்படும் அறையில், பிரைம் 1/100ஐத் தாண்டும். ஜூமில் வி.ஆர். (நடுக்கத் தடுப்பு) இருக்கிறதே என்பீர்கள். வி.ஆர். நிறுத்துவது உங்கள் கை நடுக்கத்தை. வளையல் போடும் கையை அது நிறுத்தாது. நீங்கள் பார்த்த கலங்கல் அதுதான். முகம் தெளிவாக இருக்கும், விரல்கள் மட்டும் புகைபோல இருக்கும். அதற்கு மருந்து ஷட்டர் வேகம் மட்டுமே. 1/100க்கு இன்னொரு நன்மையும் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடியும் பழைய டியூப்லைட்டும் நொடிக்கு நூறு முறை மினுக்கும். 1/100இலோ 1/50இலோ நின்றால் படத்தில் பட்டை பட்டையாக இருட்டு விழாது. 1/250, 1/500 என்று போனால் விழும்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். அசையாத பொருளுக்கு, அதாவது கோயில் மண்டபத்துக்கோ, காலி வீட்டுக்கோ, உங்கள் 18-55 போதும். வி.ஆர். தயவில் 18 மி.மீ.இல் 1/8 நொடியில்கூடக் கையில் வைத்தே எடுக்கலாம். மண்டபம் மட்டும்தான் எடுப்பேன் என்றால் பிரைமே வாங்காதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எஃப்/1.8இல் பின்வரிசை கலங்கிவிடுமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. 20 மி.மீ.இல், எஃப்/1.8இல், ஆறரை அடி அதாவது இரண்டு மீட்டர் தள்ளி ஃபோக்கஸ் செய்தால், சுமார் 1.7 மீட்டரிலிருந்து 2.4 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். இரண்டேகால் அடிக்கு மேல் ஆழம். அக்காவும் அத்தையும் அதற்குள் அடக்கம். குடும்பமாக மூன்று வரிசை நிற்கவைத்தால் எஃப்/4க்குப் போய், ஒரு ஃபிளாஷைக் கூரையில் பட்டுத் தெறிக்கும்படி வையுங்கள்.

இனி, எந்த லென்ஸ். இங்கேதான் நிகான் டிஎக்ஸ் எஃப் மவுண்ட் (நிகான் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மாட்டும் வாய்)காரர்களின் நீண்டகால ஏக்கம் வருகிறது. 1999இல் டி1 கேமரா வந்ததிலிருந்து இத்தனை வருடத்தில், இந்தச் சிறிய சென்சாருக்கென்றே ஒரு சாதாரண வைட் பிரைமை நிகான் எஃப் மவுண்ட்டில் கொடுக்கவே இல்லை. 2003இல் 10.5 மி.மீ. ஃபிஷ்ஐ வந்தது, அது கோடுகளை வில்லாக வளைக்கும், வேறு சாதி. 2009இல் உங்கள் 35 வந்தது. பிறகு மிகக் கிட்டே போய் எடுப்பதற்கான 40 மி.மீ. மைக்ரோ. அகலம் வேண்டுமென்றால் 12-24 போன்ற ஜூம் எடுத்துக்கொள் என்பதுதான் நிறுவனத்தின் பதிலாக இருந்தது.

அதற்குப் பின்னால் ஒரு பௌதிகக் காரணமும் உண்டு. டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில், ஒளியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி (மிரர்) ஒன்று மேலும் கீழும் ஆடுகிறது. அதற்கு இடம் விட நிகான் மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை 46.5 மி.மீ. தூரம். 16 மி.மீ. லென்ஸ் என்றால் எளிய அமைப்பில் அது சென்சாரிலிருந்து 16 மி.மீ.இல் உட்கார வேண்டும். அங்கே அந்த மிரர் இருக்கிறது. அதனால் டெலஸ்கோப்பைத் திருப்பிப் போட்டதுபோல, முன்னால் பெரிய குழிலென்ஸ் வைத்து, ஒளியைப் பின்னுக்குத் தள்ளி விழவைக்கிறார்கள். பிரான்ஸின் ஆன்ஜெனியூ 1950இல் 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு இப்படி ஒன்று செய்து ரெட்ரோஃபோக்கஸ் என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரே வகைக்கும் ஒட்டிக்கொண்டது. இந்த அமைப்பில் கண்ணாடித் துண்டுகள் கூடும், முன்பக்கம் பெரிதாகும், விலை ஏறும். முழு ஃப்ரேமுக்கு 24 அகலமென்றால் உங்களுக்கு அதே அகலத்துக்கு 16 வேண்டும், மவுண்ட் தூரமோ அதே 46.5. உங்களுடையது போன்ற கிராப் சென்சார் (முழு ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா சிறிதாக இருந்தும் அதன் வைட் லென்ஸ் சிறிதாக வராததற்கு இதுதான் காரணம்.

ஆக உங்களுக்கு இருக்கும் வழி, முழு ஃப்ரேமுக்குச் செய்த பிரைமை வாங்கி நடுப்பகுதியைப் பயன்படுத்துவது. நான் சொல்வது ஏஎஃப்-எஸ் 20 மி.மீ. எஃப்/1.8ஜி. 2014இல் வந்தது. 355 கிராம், 77 மி.மீ. ஃபில்டர். உங்கள் 35ஐவிட நன்றாகவே பெரிது, ஆனால் டி5600இல் கைக்கு அடங்கும். ஓரங்களில்தான் வைட் லென்ஸ்கள் பலவீனமாக இருக்கும். உங்கள் சென்சார் ஓரத்தை எடுத்துக்கொள்வதே இல்லை என்பதால், எஃப்/1.8இலேயே மூலைவரை தெளிவு கிடைக்கும். 20 செ.மீ. வரை கிட்டே போய் ஃபோக்கஸ் செய்யும். அக்காவின் வளையல் கைகளை முன்னால் வைத்து, பின்னால் முகமும் கூட்டமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். ஜூமில் அந்தப் படம் வராது. விலைதான் உறுத்தும். 35க்குக் கொடுத்ததைப்போலப் பல மடங்கு. பழையது தேடலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

24 மி.மீ. எஃப்/1.8ஜியும் அதே எடை, அதே தரம். தெரு உங்களுக்கு முதல், வீடு இரண்டாவது என்றிருந்தால் அதைச் சொல்லியிருப்பேன். 28 மி.மீ. எஃப்/1.8ஜி நல்ல லென்ஸ்தான், ஆனால் 35 இருக்கும்போது ஒன்றிரண்டு அடி பின்னால் நகர்ந்தாலே அந்த அகலம் கிடைத்துவிடும், பணம் வீண்.

14 வேண்டாம். நீங்கள் பார்த்தது மேனுவல் ஃபோக்கஸ் 14 மி.மீ. எஃப்/2.8, விலை குறைவு என்பதால் கண்ணில் பட்டிருக்கும். அதன் முன்கண்ணாடி குமிழ்போலத் துருத்திக்கொண்டிருப்பதால் சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது. நேர்க்கோடுகள் மீசைபோல நெளியும். எஃப்/2.8 என்பதும் உங்கள் ஜூமைவிட ஒரு ஸ்டாப்கூட முழுதாக அதிகமில்லை. அகலமும் வெளிச்சமும் சேர்ந்து வேண்டும், கையால் ஃபோக்கஸ் செய்யத் தயார் என்றால், கிராப் சென்சாருக்கென்றே செய்த சம்யாங் 16 மி.மீ. எஃப்/2 எவ்வளவோ மேல். நிகானுக்கான சிப் வைத்த வகையாகப் பார்த்து வாங்குங்கள்; சிப் இல்லாவிட்டால் டி5600 வெளிச்சத்தை அளக்காது. இரவு வானம் எடுப்பவர்களுக்கு அது நல்ல துணை. 16ஐ 1.5ஆல் பெருக்கி 500ஐ அதனால் வகுத்தால் 20 நொடி சொச்சம். அதுவரை நட்சத்திரங்கள் பெரும்பாலும் புள்ளியாகவே நிற்கும். தெருவுக்கும் ஒரு வழி உண்டு: எஃப்/8இல் 1.6 மீட்டரில் ஃபோக்கஸை நிறுத்திவிட்டால் 80 செ.மீ.லிருந்து தொடுவானம்வரை தெளிவு. பிறகு வளையத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் வளைகாப்பில், எஃப்/2இல், டி5600இன் சின்ன வ்யூஃபைண்டரில் கண்ணால் பார்த்து ஃபோக்கஸ் பிடிப்பது மிகவும் சிரமம். பாதிப் படம் போய்விடும். அக்காவின் விசேஷத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

சிக்மா 18-35 எஃப்/1.8 என்று ஒரு ஜூம் இருக்கிறது. 2013இல் வந்தபோது இந்த அளவு சென்சாருக்கு எஃப்/1.8இல் ஓடும் ஜூம் என்று எல்லாரும் வியந்த லென்ஸ். 18, 20, 24, 35 எல்லாம் ஒன்றிலேயே. 810 கிராம், டி5600 பாடியே 415 கிராம்தான், யோசித்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேர விசேஷத்தில் இடது கை வலிக்கும். தெருவில் அதை நீட்டினால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். விசேஷம் மட்டும்தான் என்றால் அதுதான் முதல் இடம். உங்களுக்குத் தெருவும் இருப்பதால் 20.

ஒரு பொறியைப் பற்றி எச்சரிக்கவேண்டும். பழைய கடைகளில் 24 மி.மீ. எஃப்/2.8டி, 20 மி.மீ. எஃப்/2.8டி என்று சின்னதாக, அழகாக, மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். அவற்றில் ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. கேமரா பாடியில் இருக்கும் மோட்டார்தான் திருகு போலச் சுழற்றும். டி90, டி7000 வரிசைகளில் அந்த மோட்டார் உண்டு. டி3000, டி5000 வரிசைகளில் கிடையாது, உங்கள் டி5600இலும் இல்லை. மாட்டினால் மாட்டும், படம் வரும், ஆட்டோஃபோக்கஸ் மட்டும் வராது. லென்ஸில் ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்கவேண்டும். வெறும் ஏஎஃப் என்றிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். டோக்கினா 11-16 எஃப்/2.8இலும் முதல் வகைக்கு மோட்டார் இல்லை, இரண்டாம் வகைக்கு உண்டு. பழையது வாங்குவோர் அங்கேயும் இடறுகிறார்கள்.

அகலம் கூடக்கூட வரும் ஒரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு 12 மி.மீ.இல் எல்லாரையும் ஒரே படத்தில் அடக்கினேன். பெரியம்மா இடது ஓரத்தில். படத்தில் அவர் முகம் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல வந்திருந்தது. அவருக்குத் தலைக்கு மேலே சுவரில் வட்டக் கடிகாரம் ஒன்று. அது மட்டும் அச்சு அசலாக வட்டமாகவே இருந்தது. லென்ஸ் கெட்டது என்றால் கடிகாரமும் கெட்டிருக்க வேண்டுமே? அன்று இரவு முழுக்க அதை யோசித்தேன்.

விஷயம் இதுதான். நேர்க்கோட்டை நேர்க்கோடாகக் காட்டும் வைட் லென்ஸ், சென்சாருக்கு இணையாக இருக்கும் தட்டையான பொருளை எந்த மூலையிலும் சரியாகவே காட்டும். சுவரும் கடிகாரமும் தட்டை. தலை உருண்டை. உருண்டையானது ஓரத்துக்குப் போகப் போக முட்டை வடிவாக நீளும். இது லென்ஸின் குறை இல்லை, கணிதம். நல்ல கம்பெனி லென்ஸ் வாங்கினாலும் போகாது. எவ்வளவு நீளும் என்பதையும் கணக்கிடலாம். உங்கள் சென்சாரில் 24 மி.மீ.இன் பக்க விளிம்பில் 11 சதவீதம், 20இல் 16 சதவீதம், 16இல் 24 சதவீதம், 12இல் 40 சதவீதம். 11 சதவீதத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். 16 சதவீதம் உற்றுப் பார்த்தால் தெரியும். 24 சதவீதம் என்றால் அந்த அம்மாவே ஆல்பத்தைப் பார்த்து முகம் சுளிப்பார். நான் 20இல் நிற்கச் சொல்வதற்கு இது ஒரு பெரிய காரணம். மனிதர்களை எடுக்கும் வைட் லென்ஸுக்கு இந்தச் சென்சாரில் 20க்குக் கீழே போனால் ஒவ்வொரு படத்திலும் ஓரத்தைக் காவல் காக்கவேண்டும். போயே ஆகவேண்டுமென்றால் ஓரங்களில் கதவு, குத்துவிளக்கு, தோரணம் என்று எதையாவது விட்டு, ஆட்களை நடு மூன்றில் இரண்டு பங்குக்குள் வையுங்கள். பிறகு பெரியம்மாவை நடுவில் உட்காரவைத்துத் தனியாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். அதைத்தான் அவர் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்.

கோயிலுக்கு வருவோம். அங்கே ஆட்கள் ஓரம் நீளும் பிரச்சினை இல்லை, கோபுரம் பின்னால் சாயும் பிரச்சினை. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரமும் சாயும். சாய்க்காமல் நேராகப் பிடித்தால் உச்சி அடங்காது. கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி நேராகப் பிடித்தீர்களென்றால், 40 மீட்டர் உயரக் கோபுரம் அடங்க 20 மி.மீ.இல் கிட்டத்தட்ட 68 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். சன்னதித் தெருவில் 68 மீட்டர் தள்ளிப் போனால் நடுவில் கடைப் பந்தலும் மின்கம்பியும் வந்துவிடும். 10 மி.மீ.இல் 34 மீட்டர் போதும். கீழ்ப்பாதியில் தரைதான் நிறைய இருக்கும், அதை வெட்டிவிடலாம். இதற்கு பிரைம் தேடாதீர்கள். ஏஎஃப்-பி 10-20 மி.மீ. விஆர் என்ற நிகான் ஜூம் 230 கிராம்தான், உங்கள் பாடியில் முழுதாக வேலை செய்யும், இந்த வகையில் விலையும் குறைவு. எஃப்/4.5இல் தொடங்குவது பகல் வெளிச்சத்துக்கு ஒரு குறையே இல்லை. என் கணக்கில், டிஎக்ஸ் டிஎஸ்எல்ஆரில் 16க்குக் கீழே ஜூம், 20க்கு மேலே பிரைம். நடுவில் இருப்பது இரவு வானத்துக்காரர்களுடையது.

கேமராவையே மாற்றும் எண்ணம் இருந்தால் இந்தக் கதை முழுக்க மாறும். மிரர்லெஸ்ஸில் நடுவில் ஆடும் கண்ணாடி இல்லை. ஃபூஜி எக்ஸில் மவுண்ட் தூரம் 17.7 மி.மீ., சோனி ஈயில் 18, நிகான் இஸட்டில் 16. அதனால் வைட் பிரைம்கள் சின்னதாக, நல்லதாக வந்து குவிந்திருக்கின்றன. ஃபூஜி 16 மி.மீ. எஃப்/2.8 வெறும் 155 கிராம். சோனி 11 மி.மீ. எஃப்/1.8 அதுவே 181 கிராம். டிஎஸ்எல்ஆர்காரர்கள் கனவிலும் காணாதது. சிக்மா 16 எஃப்/1.4 பல மவுண்ட்களில் கிடைக்கிறது. நிகானே 2023இல் இஸட் மவுண்ட்டில் 24 மி.மீ. எஃப்/1.7 டிஎக்ஸ் கொடுத்துவிட்டது, 135 கிராம். கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு 2014 முதல் 24 மி.மீ. எஃப்/2.8 எஸ்டிஎம் உண்டு, பிஸ்கட் தடிமன், 125 கிராம். தெருவுக்கு அருமை, இருட்டுக்குச் சுமார். ஒரு லென்ஸுக்காகக் கேமராவை மாற்றச் சொல்ல மாட்டேன். எப்படியும் இரண்டு வருடத்தில் மாறப்போகிறீர்கள் என்றால், 20 எஃப்/1.8ஜி எஃப்டிஇஸட் அடாப்டர் வழியாக நிகான் இஸட் பாடிகளில் ஆட்டோஃபோக்கஸோடு வேலை செய்யும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையது வாங்கும்போது டி5600ஐக் கையோடு கொண்டுபோங்கள். ஃபோனின் டார்ச்சை ஒரு முனையில் அடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். சிலந்திவலைபோல இழை தெரிந்தால் பூஞ்சை, பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். கடலோர ஊர் லென்ஸ் என்றால் இரண்டு முறை பாருங்கள். அடுத்து, கடையில் அட்டைப்பெட்டி எழுத்து எதையாவது இரண்டு மீட்டரில் வைத்து, எஃப்/1.8இல், வ்யூஃபைண்டர் வழியாக ஐந்து படம், லைவ் வ்யூவில் (பின்திரையைப் பார்த்து) ஐந்து படம். லைவ் வ்யூ படங்கள் மட்டும் கூர்மையாக இருந்தால் அந்த லென்ஸும் உங்கள் பாடியும் ஒத்துப்போகவில்லை. டி7000 வரிசையில் இதை மெனுவில் திருத்தலாம். டி5600இல் அந்த வசதி இல்லை. வேறொன்று எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். சிக்மா 18-35 என்றால் அவர்களின் யுஎஸ்பி டாக் கொண்டு லென்ஸிலேயே திருத்திக்கொள்ளலாம்.

ஆனால் அடுத்த மாதமே விசேஷம் என்பதால் வாங்கும் அவசரம் வேண்டாம். சென்னை, கோவை, மதுரையில் லென்ஸ் நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. 20 எஃப்/1.8ஜியை வளைகாப்புக்கு முந்தின நாள் மாலையே எடுத்துவிடுங்கள். அன்று இரவே ஹாலில், மறுநாள் எரியப்போகும் அதே விளக்குகளைப் போட்டு, அக்காவையே அந்த நாற்காலியில் உட்காரவைத்துப் பாருங்கள். மேனுவல் மோடு, எஃப்/2, 1/100, ஆட்டோ ஐஎஸ்ஓ உச்சவரம்பு 6400. ஃபோக்கஸ் புள்ளி ஒன்றே ஒன்று, அதுவும் முகத்தில். நாற்காலியிலிருந்து ஏழடியில் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் யாரும் நாற்காலி போடாதபடி அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.